காயற் பறவைகளும் அவற்றைக் கண்டு எழுதியோரும்

மட்டாஞ்சேரியில் வந்து வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் 'காயல்' என்பது புதிய சொல் அன்று. காயல்பட்டினம் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் நம் பாண்டிக் கரையிலும் நிலைபெற்றிருக்கிறது. எனினும், நாள்தோறும் நம் கண்முன் விரிந்து கிடக்கும் இக்காயலை நாம் பெரும்பாலும் வாணிபத்திற்குரிய நீர்வழியாகவே கருதி வருகிறோம். மிளகும் சுக்கும் ஏலமும் ஏற்றிச் சென்ற வள்ளங்களைப் பற்றியும், கரையோரப் பண்டகசாலைகளைப் பற்றியும், துறைமுகத்தைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். அதே நீரில் சீனவலையின் கழிமேல் அசையாது அமர்ந்திருக்கும் கொக்கிற்கும், படகுத்துறைத் தூணின்மேல் சிறகை விரித்து வெயிலில் உலர்த்தும் நீர்க்காகத்திற்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை நினைப்பவர் சிலரே.

அவ்வரலாறு பறவைகளின் வரலாறு மட்டும் அன்று. அவற்றைப் பார்த்த மனிதரின் வரலாறும் ஆகும். மனிதன் நீர்ப்பறவையை முதலில் பாட்டில் பார்த்தான். பிறகு துப்பாக்கியின் முனையில் பார்த்தான். அதன் பின்னர்க் குறிப்பேட்டுடன் பார்த்தான். இன்று நிழற்படக் கருவியின் வழியே பார்க்கிறான். இவ்வளர்ச்சியை ஆராயும்போது ஓர் உண்மை புலனாகும். அரிய பறவையைக் கண்டவர் அதை மறவாமல் எழுதி வைக்கின்றனர். அன்றாடப் பறவையை எழுதி வைப்பவர் அரியர். ஆயினும், ஒரு நீர்நிலை நலமாக இருக்கிறதா, நலிகிறதா என்பதை நமக்கு அறிவிக்க வல்லது அன்றாடப் பறவையின் கணக்கே. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சேரநாட்டுப் பாடலில் நீர்ப்பறவை

நாம் இன்று வாழும் நிலம் பண்டைச் சேரநாட்டின் பகுதி. அச்சேரர் குலத்து யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை என்னும் மன்னன் தொகுப்பிக்க, கூடலூர் கிழார் தொகுத்த நூல் ஐங்குறுநூறு என்பது தமிழ் கற்றோர் அறிந்ததே. அதனுள் நெய்தல் திணைக்குரிய நூறு பாடல்களையும் பாடியவர் அம்மூவனார். அந்நூறும் பத்துப் பத்தாகப் பகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒரு பத்திற்குச் 'சிறுவெண்காக்கைப் பத்து' என்று பெயர். மற்றொன்றிற்கு 'வெள்ளாங்குருகுப் பத்து' என்று பெயர்.

இங்கே கருதத்தக்கது யாதெனின், இவை அரிய பறவைகள் அல்ல என்பதே. கடற்கரையிலும் கழியிலும் எந்நாளும் காணத்தக்க பறவைகள் இவை. கடற்காக்கை, ஆலா ஆகிய இனங்களுள் ஒன்றையே சிறுவெண்காக்கை என்னும் பெயர் குறித்ததாகக் கொள்ள இடமுண்டு. வெள்ளாங்குருகு, பெயரே உணர்த்துவது போல, வெண்ணிறமான கரைப்பறவை. ஒரே பறவையைப் பத்துப் பாடல்களிலும் திரும்பத் திரும்பக் கொணர்ந்து பாட வேண்டுமானால், புலவர் அதனை ஒருமுறை பார்த்தால் போதாது. பலகால் பார்த்திருத்தல் வேண்டும். சங்கப் பாடல்களில் வரும் பறவைகளை இன்றைய விலங்கியலோடு ஒப்பிட்டுப் பி. எல். சாமி அவர்கள் எழுதிய 'சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்' என்னும் நூலைப் படிப்போர், நம் முன்னோரின் கண் எத்துணைக் கூர்மையுடையது என்பதை உணர்வர்.

பிற்காலத்துச் சத்திமுத்தப் புலவர் செங்கால் நாரையைத் தூது விடுத்த செய்தியும் இத்தகையதே. தென்கோடிவரை வந்து வடதிசைக்கு மீளும் பறவை அது என்பதை அறிந்தே அவர் அதனைத் தூதாகத் தேர்ந்தெடுத்தார். பறவைகள் பருவந்தோறும் வலசை போகும் என்னும் உண்மை, காலில் வளையம் பூட்டி ஆராயும் முறை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ்நாட்டில் தெரிந்திருந்தது.

துப்பாக்கியின் காலம்

ஐரோப்பியர் வந்தபின் கொச்சியிலிருந்து உலகப் புகழ்பெற்ற ஓர் இயற்கை நூல் எழுந்தது. ஒல்லாந்தரின் மலையாளக் கரை ஆளுநராக இருந்த வான் ரீடு, இந்நாட்டுச் செடிகொடிகளைப் பற்றித் தொகுப்பித்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' என்னும் நூல், 12 பகுதிகளாக 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சேறியது. இட்டி அச்சுதன் என்னும் மலையாள மருத்துவரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி மருத்துவர் மூவரும் அப்பெரும்பணிக்குத் துணைநின்றனர். செடிகளுக்கு இத்தகைய பேறு வாய்த்தது. மருந்திற்கும் வாணிபத்திற்கும் செடி பயன்பட்டதே அதற்குக் காரணம். பறவைகளோ இன்னும் இரண்டு நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது.

அந்த இடைக்காலத்தில் நீர்ப்பறவை வேட்டைப் பொருளாகவே கருதப்பட்டது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து வரும் சிறகிகளையும் உள்ளான்களையும் சுட்டு வீழ்த்துவது வெள்ளைத் துரைமாருக்கும் சமஸ்தானப் பெருமக்களுக்கும் பொழுதுபோக்காக இருந்தது. கொக்கிற்கோ வேறொரு கேடு நேர்ந்தது. இனப்பெருக்கக் காலத்தில் வெண்கொக்கின் முதுகில் மெல்லிய தூவிகள் வளரும். ஐரோப்பிய மாதர் தம் தொப்பிகளில் அத்தூவியைச் சூடுவதை நாகரிகமாகக் கொண்டனர். அதனால் உலகின் பல நாடுகளில் கொக்குகள் கூடுகளிலேயே கொல்லப்பட்டன. தாயிழந்த குஞ்சுகள் பட்டினியால் மடிந்தன. இந்தியாவிலிருந்து பறவைத் தோலும் இறகும் வெளிநாட்டிற்கு ஏற்றுமதியாவதை அரசு 1902-ஆம் ஆண்டில் தடை செய்தது. நம் சீனவலைகளின் அருகே மீனுக்காகக் காத்து நிற்கும் எளிய கொக்கினம், ஒரு காலத்தில் உலகச் சந்தையின் கொடுமைக்கு இலக்காகித் தப்பியது என்பதை அறியும்போது அதன்பால் மதிப்பு மிகுகிறதன்றோ!

வேடந்தாங்கல் உழவர் காட்டிய வழி

துப்பாக்கிக்கு எதிராக முதலில் எழுந்த குரல்களுள் ஒன்று தமிழ்நாட்டு உழவர்களுடையது என்பது நாம் பெருமையோடு நினைவுகூரத் தக்கது. செங்கற்பட்டுச் சீமையில் மதுராந்தகத்தின் அருகே உள்ளது வேடந்தாங்கல். தாங்கல் என்றால் சிறிய ஏரி. நீர்க்கடம்ப மரங்கள் நிறைந்த அவ்வேரியில் ஆண்டுதோறும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் நத்தைக்குத்தி நாரைகளும், கரண்டிவாயன்களும், வெள்ளை அரிவாள்மூக்கன்களும், வக்காக்களும், நீர்க்காகங்களும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும். அப்பறவைகளின் எச்சம் விழுந்த நீர் வயலுக்குப் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பதை அவ்வூர் மக்கள் வழிவழியாக அறிந்திருந்தனர். எச்சத்தில் உள்ள தழைச்சத்தே அதற்குக் காரணம் என்று வேளாண் அறிவியல் பின்னாளில் விளக்கியது.

கும்பினிப் படையினர் அங்கே வந்து பறவைகளைச் சுட்டபோது ஊரார் முறையிட்டனர். அதன் பயனாக, செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிப் பறவைகளைச் சுடவும் கண்ணி வைத்துப் பிடிக்கவும் கூடாது என்று 1798-ஆம் ஆண்டில் கௌல் எழுதிக் கொடுத்தார். 1858-ஆம் ஆண்டில் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் அவ்விடம் பறவைகளின் புகலிடமாக அரசால் ஏற்றுக்கொள்ளப்பட்டது. நாடு முழுமைக்குமான வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ஆம் ஆண்டில்தான் வந்தது. சட்டம் பிறக்க 174 ஆண்டுகளுக்கு முன்பே, எளிய உழவர் சிலர் தம் ஏரிக்கு ஒரு சட்டத்தைப் பெற்றுக்கொண்டனர். 2022-ஆம் ஆண்டில் வேடந்தாங்கல், உலகச் சிறப்புடைய நீர்நிலைகளுக்குரிய ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

வேடந்தாங்கலையும் நம் காயலையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஒரு வியப்பு உண்டாகும். நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா ஆகிய பறவைகள் இரண்டு இடங்களிலும் உள்ளன. வேடந்தாங்கலில் அவை வடகிழக்குப் பருவமழைக்குப் பின், கார்த்திகை தொடங்கிக் கூடு கட்டுகின்றன. வேம்பநாட்டுக் காயலின் கீழைக்கரையில் உள்ள குமரகத்திலோ, தென்மேற்குப் பருவமழை பொழியும் ஆனி, ஆடி மாதங்களிலேயே கூடு கட்டுகின்றன. இனம் ஒன்று; மலைத்தொடர் ஒன்று இடையே நிற்பதால் மழைக்காலம் வேறு; மழைக்காலம் வேறாகவே குடும்ப வாழ்வின் காலமும் வேறாகிறது. நீர் பெருகி, மீனும் தவளையும் பெருகும் காலத்திலேயே குஞ்சுக்கு இரை கிடைக்கும் அல்லவா? ஆகவே பறவை பஞ்சாங்கத்தைப் பார்ப்பதில்லை, மழையைப் பார்க்கிறது. நாமும் மலையைக் கடந்து வந்து இந்நாட்டு மழைக்கேற்ப வாழ்வை மாற்றி அமைத்துக் கொண்டவர்களே. ஆதலின், இவ்வுண்மை நமக்கு எளிதில் விளங்கும்.

1933-ஆம் ஆண்டின் ஆய்வு

திருவிதாங்கூர், கொச்சி ஆகிய இரு சமஸ்தானங்களின் பறவைகளை முறையாக ஆராய்ந்தவர் சாலிம் அலி. 1896-இல் பம்பாயில் பிறந்த அவர், 1883-இல் அந்நகரில் நிறுவப்பட்ட இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சார்பில் 1933-ஆம் ஆண்டில் இந்நாட்டிற்கு வந்தார். தட்டேக்காடு, பரம்பிக்குளத்தை அடுத்த குரியார்குட்டி முதலிய பல இடங்களில் தங்கி ஆராய்ந்தார். அந்நாளைய வழக்கப்படி, பறவைகளைச் சுட்டுத் தோலைப் பதப்படுத்திச் சேர்ப்பதும் அவ்வாய்வின் பகுதியாக இருந்தது. ஆனால் அவர் அதனோடு நிற்கவில்லை. ஒவ்வொரு பறவையும் எந்த இடத்தில், எந்த நாளில், எந்நிலையில் காணப்பட்டது, என்ன தின்றது, எப்போது கூடு கட்டியது என்பனவற்றையெல்லாம் எழுதி வைத்தார். அவ்வாய்வு முதலில் கழகத்தின் ஏட்டில் 1935 முதல் 1937 வரை தொடராக வந்தது; 1953-ஆம் ஆண்டில் நூலாயிற்று; மாநிலம் உருவான பின், 'கேரளப் பறவைகள்' என்னும் பொருள்படும் பெயரோடு 1969-ஆம் ஆண்டில் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. அவர் ஆராய்ந்து போற்றிய தட்டேக்காடு 1983-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாயிற்று.

அவர் இடத்தையும் நாளையும் குறித்து வைத்ததன் அருமை பின்னாளில் விளங்கியது. முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், 2009-ஆம் ஆண்டில், கேரளத்துப் பறவை ஆய்வாளர் சிலர் அவர் சென்ற இடங்களுக்கே மீண்டும் சென்று ஒப்பிட்டுப் பார்த்தனர். முன்னவர் எழுதி வைத்திராவிடில் பின்னவர் எதனோடு ஒப்பிட்டிருக்க இயலும்? 'பல பறவைகளைக் கண்டேன், மகிழ்ந்தேன்' என்று மட்டும் அவர் எழுதியிருப்பாராயின், அது இனிய கட்டுரையாக இருந்திருக்கும், சான்றாக இருந்திராது.

பொதுமக்களுக்கு இவ்வறிவைத் தாய்மொழியில் எடுத்துச் சென்றவர், பாலக்காட்டுச் சீமையில் 1923-இல் பிறந்து ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றிய கே. கே. நீலகண்டன் ஆவார். 'இந்துசூடன்' என்னும் புனைபெயரில் அவர் எழுதிய 'கேரளத்திலே பக்ஷிகள்' என்னும் மலையாள நூல் 1958-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனைப் படித்துப் பறவை காணப் புறப்பட்ட இளைஞர் பலர். அரிய ஆராய்ச்சியைத் தாய்மொழியில் தந்தால் அது வீடுதோறும் சென்று சேரும் என்பதற்கு அந்நூல் சிறந்த எடுத்துக்காட்டு.

நிழற்படத்தின் வருகை

துப்பாக்கிக்கு மாற்றாகக் காமிரா வந்தது எப்படி என்பதும் சுவையான வரலாறு. இங்கிலாந்தில் ரிச்சர்டு கீர்ட்டன், செரி கீர்ட்டன் என்னும் உடன்பிறந்தார் இருவர், 1892-ஆம் ஆண்டில் முட்டைகளோடு கூடிய பறவைக் கூட்டினை நிழற்படம் எடுத்தனர். அந்நாளைய காமிரா பெரும் பெட்டி. ஒவ்வொரு படத்திற்கும் ஒரு கண்ணாடித் தகடு வேண்டும். பறவை அஞ்சாதிருக்க வேண்டி, உள்ளே ஆள் ஒளிந்திருக்கத்தக்க பொய்யான மாட்டுருவம் ஒன்றையும் அவர்கள் செய்து, வயலில் நிறுத்திப் படம் எடுத்தனர். கேட்பதற்கு நகைப்பாயினும், பறவையின் இயல்பைக் கெடுக்காமல் அதனை அணுக வேண்டும் என்னும் உயர்ந்த கொள்கை அதில் அடங்கியிருந்தது.

கீழைநாட்டில் இக்கலையை வளர்த்தோருள் சிங்கப்பூர்ச் செல்வர் லோக் வான் தோ குறிப்பிடத் தக்கவர். அவர் சாலிம் அலியின் நண்பர். இந்தியாவில் அவரோடு சுற்றிப் பறவைகளைப் படம் எடுத்தவர். தமிழரிடையே இத்துறையில் முதன்மையான பெயர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மைந்தரான அவர், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950-ஆம் ஆண்டு தொடங்கி, தம் வாழ்நாளின் இறுதிவரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 1960-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்றார். பல கருவிகளின் உறுப்புகளை இணைத்துத் தாமே உருவாக்கிய பருத்த காமிரா ஒன்றிற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார். வண்ணப்படத்தை விடக் கருப்பு வெள்ளைப் படத்தையே அவர் விரும்பினார். அவர் தமிழில் எழுதிய கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து, 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் நூலாக அளித்துள்ளார்.

யானையைப் பற்றியும் புலியைப் பற்றியும் எழுத வல்ல அவர், காக்கை, அணில் போன்ற வீட்டோர உயிர்களைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார். அரிது என்பதனால் மட்டும் ஓர் உயிர் உயர்ந்ததாகிவிடாது. அண்மையில் இருப்பதனால் மட்டும் ஓர் உயிர் இழிந்ததாகிவிடாது என்பதை அவர் எழுத்து நமக்கு உணர்த்துகிறது.

இன்று காமிரா ஒவ்வொருவர் கைப்பேசியிலும் உள்ளது. கருவி எளிதாயிற்றே தவிர, பொறுமை எளிதாகிவிடவில்லை. காயற் பறவையைப் படம் எடுக்க விரும்பும் நம் இளைஞர்க்குச் சில குறிப்புகள் பயன்படக்கூடும். காலை இளவெயிலே தக்க நேரம். கதிரவன் நம் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். உச்சிவெயிலில் வெண்கொக்கை எடுத்தால், இறகின் நுண்மை யாவும் மறைந்து வெறும் வெள்ளைத்தாள் போலத் தோன்றும். ஆகவே, வெள்ளைப் பறவைக்கு ஒளியைச் சற்றுக் குறைத்தும், நீர்க்காகம் போன்ற கரிய பறவைக்குச் சற்றுக் கூட்டியும் வைக்க வேண்டும். நின்றுகொண்டு மேலிருந்து எடுப்பதைவிட, பறவையின் கண்மட்டத்திற்குத் தாழ்ந்து எடுப்பது சிறப்பு. வள்ளத்தில் செல்வோர் பொறியை நிறுத்திவிட்டு, நீரோட்டத்தோடு மெல்ல மிதந்து அணுகுதல் நன்று. கூடு கட்டும் காலத்தில் கூட்டை நெருங்கவே கூடாது. தாய்ப்பறவை அஞ்சி எழுந்தால், குஞ்சு வெயிலில் வாடும். காக்கை வந்து முட்டையைக் கவரும். ஒரு படத்திற்காக ஒரு குடும்பம் அழிவது தகுமா? எல்லாவற்றிற்கும் மேலாக, படத்தோடு இடமும் நாளும் பறவைகளின் எண்ணிக்கையும் குறிக்கப்பெறல் வேண்டும். அக்குறிப்பு இல்லாத படம் சுவரை அழகு செய்யுமேயன்றி வரலாறு ஆகாது.

இரு மொழிகளில் ஒரே கண்

இக்காயலில் எளிதாகக் காணக்கூடிய பறவைகளின் பெயர்களைத் தமிழிலும் மலையாளத்திலும் ஒப்பிட்டுப் பார்ப்பது நம் இல்லங்களில் குழந்தைகளுக்கு நல்லதொரு மொழிப்பாடமாகும். நாம் நீர்க்காகம் என்பதை இந்நாட்டார் நீர்க்காக்க என்கின்றனர். நாம் ஆலா என்று அழைக்கும் மெல்லிய பறவை அவர்களுக்கு ஆள. அமைதியான நீரில் சட்டென்று மூழ்கிப் பிறிதோரிடத்தில் எழும் சிறு பறவையை நாம் முக்குளிப்பான் என்கிறோம். அவர்கள் முங்ஙாங்கோழி என்கின்றனர். உடலை நீருக்குள் மறைத்துக் கழுத்தை மட்டும் நீட்டி நீந்தும் பறவைக்கு நாம் பாம்புத்தாரா என்று பெயரிட்டோம். அவர்களோ சேரக்கோழி என்றனர். சேர என்பது நாம் சாரை என்னும் பாம்பே. நாம் சீழ்க்கைச் சிறகி என்று கூறும் வாத்தினத்தை அவர்கள் சூளன் எரண்ட என்பர். சூளம் என்றாலும் சீழ்க்கைதான். சொல் சிற்சில இடங்களில் வேறுபட்டாலும், பறவையைக் கண்ட கண் ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

வயலோரத்தில் மண்ணிறமாக ஒடுங்கி நிற்கும் மடையானைக் குருட்டுக்கொக்கு என்றும் நம் ஊர்களில் சொல்வர். மிக அருகில் செல்லும்வரை அது அசையாது நிற்பதால் அதற்குக் கண் தெரியாது என்று எண்ணினர் போலும். உண்மையில் அது தன் நிறத்தை நம்பி நிற்கிறது. பறக்க எழும்போதுதான் வெண்சிறகு பளிச்சென வெளிப்படும். இத்தகைய பறவை ஒன்றை ஒருநாள் முழுதும் கவனித்தால், அது நூறு பறவைகளின் பெயரை மனப்பாடம் செய்வதினும் சிறந்த கல்வியாகும்.

எண்ணிக்கை சொல்லும் செய்தி

இந்தியாவின் மிக நீண்ட ஏரியாகக் கருதப்படும் வேம்பநாட்டுக் காயல், ஆலப்புழைப் பக்கத்திலிருந்து கொச்சி அழிமுகம்வரை நீண்டு கிடக்கிறது. பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை, பெரியாறு ஆகிய ஆறுகள் இந்நீர்ப்பரப்பை வந்தடைகின்றன. ஆயினும் இது இருந்தவாறே இருக்கவில்லை. குட்டநாட்டில் காயலுக்கு வரப்பு கட்டி, நீரை இறைத்து, நெல்வயல்கள் ஆக்கப்பட்டன. கொச்சியில் ராபர்ட் பிரிஸ்டோ என்னும் பொறியாளர் துறைமுகம் அமைத்தபோது, காயலைத் தோண்டி எடுத்த மண்ணால் வெல்லிங்டன் தீவு உருவாயிற்று. 1928-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'பத்மா' என்னும் கப்பல் உள்துறைமுகத்தில் நுழைந்தது. 1970-களில் கட்டப்பட்ட தண்ணீர்முக்கம் தடுப்பணை, கோடையில் உப்புநீர் தெற்கே ஏறாமல் காத்து நெல்லுக்கு உதவியது. ஆனால் உப்பும் நன்னீரும் கலந்து பழகிய மீனுக்கும் இறாலுக்கும் அதுவே தடையாயிற்று. நெல்லும் வேண்டும், துறைமுகமும் வேண்டும், நம் முன்னோர் பலரின் பிழைப்பு அத்துறைமுகத்தையே சார்ந்திருந்தது. எனினும், ஒன்றைப் பெறும்போது மற்றொன்றை எவ்வளவு இழக்கிறோம் என்று கணக்குப் பார்ப்பது அறிவுடையார் கடமை.

அக்கணக்கை யார் எழுதுவது? 1987-ஆம் ஆண்டு முதல், சனவரி மாதந்தோறும் ஆசிய நாடுகளில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. அதில் ஈடுபடுவோர் பலர் சம்பளம் பெறாத தன்னார்வலர்கள். வேம்பநாட்டுக் காயலும் அதனோடு சேர்ந்த கோள் நிலங்களும், 1,51,250 ஹெக்டேர் பரப்போடு, 2002-ஆம் ஆண்டில் ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 20,000-க்கு மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் நீர்நிலைகளுக்கு அப்பட்டியலில் இடமுண்டு என்பது அதன் விதிகளுள் ஒன்று. ஆகவே, கொக்கையும் ஆலாவையும் எண்ணிய எளிய மனிதரின் குறிப்பே ஒரு நீர்நிலைக்கு உலக மதிப்பை ஈட்டித் தரவல்லது. 2004-ஆம் ஆண்டில், எறணாகுளத்தில் உயர்நீதிமன்றத்தின் அருகே, மூன்று ஹெக்டேருக்கும் குறைந்த மங்களவனம் என்னும் சதுப்புக்காடு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. நகரின் நடுவே, வக்காவும் நீர்க்காகமும் கூடு கட்டும் அச்சிறு காடு, மட்டாஞ்சேரியிலிருந்து காயலுக்கு அக்கரையில் உள்ளது. நெல்வயல்களையும் நீர்நிலைகளையும் காக்கக் கேரள அரசு 2008-ஆம் ஆண்டில் தனிச்சட்டம் இயற்றியது.

இவற்றுக்கெல்லாம் மகுடம் போன்றது கேரளப் பறவை வரைபடத் திட்டம். 2015 முதல் 2020 வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் மாநிலம் முழுவதையும் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, மழைக்காலத்திலும் கோடையிலும் பறவைகளைக் கணக்கிட்டனர். 361 இனங்களைப் பற்றி 3 இலட்சத்துக்கு மேற்பட்ட குறிப்புகள் திரண்டன. இந்தியாவில் ஒரு மாநிலம் முழுமைக்கும் இத்தகைய பணி நிறைவேறியது இதுவே முதன்முறை. அவர்களுள் ஆசிரியர் இருந்தனர், மாணவர் இருந்தனர், பல தொழில் செய்வோர் இருந்தனர். அவர்கள் எழுதியவற்றுள் காக்கையும் மைனாவும் கொக்கும் தவறாமல் இடம்பெற்றன. நூறாண்டு கழித்து ஒருவர் இக்காயலின் நிலையை அறிய விரும்பினால், அன்று அவருக்குக் கைகொடுப்பது அக்குறிப்புகளே.

நாம் செய்யத் தக்கது

வந்த நாட்டை வாழும் நாடாகக் கொள்வதற்கு, அதன் மொழியை அறிதல் வேண்டும். அதன் மக்களோடு கலந்து பழகுதல் வேண்டும். அதன் நீரையும் நிலத்தையும் அவற்றில் வாழும் உயிர்களையும் அறிதல் வேண்டும். முன்னைய இரண்டினையும் மட்டாஞ்சேரித் தமிழர் செவ்வனே செய்துள்ளனர். மூன்றாவதற்கு வழி மிக எளிது. விடுமுறை நாளொன்றில் காலையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு காயற்கரைக்குச் செல்க. ஒரு மணி நேரம் ஓரிடத்தில் இருந்து, கண்ணிற்படும் பறவைகளை எண்ணுக. கொக்கு எத்தனை, நீர்க்காகம் எத்தனை, ஆலா எத்தனை, செம்பருந்து எத்தனை என்று நாளும் இடமும் குறித்து எழுதுக. பெயர் தெரியாத பறவைக்குப் படம் எடுத்து வைத்துப் பின்னர் அறிந்தவரிடம் கேட்டுத் தெளிக. மறு ஆண்டும் அதே மாதத்தில், அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணுக.

இவ்வாறு பல குடும்பங்கள் தொகுக்கும் கணக்கை நம் சங்கத்தின் ஆண்டு மலரில் ஆண்டுதோறும் ஒரு பக்கத்தில் வெளியிடலாம். முதலாண்டில் அது வெறும் அட்டவணையாகத் தோன்றும். பத்தாண்டில் அது பயனுள்ள செய்தியாகும். இன்றைய சிறுவர் முதியவராகும் காலத்தில், கொச்சிக் காயலின் ஒரு கரையில் என்ன இருந்தது, என்ன குறைந்தது, என்ன மீண்டது என்பதற்கு அதுவே சான்றாகும். வேடந்தாங்கல் உழவர் பெரிய பட்டம் பெற்றவர் அல்லர். தம் ஏரிக்கு வரும் பறவைகளை அறிந்திருந்தனர். அவற்றுக்குத் தீங்கு வந்தபோது வாய்திறந்து பேசினர். அவ்வளவே. அவ்விரண்டு செயல்களும் நம்மால் இயலாதவை அல்ல.